படம் வரைந்தவரின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தர உகந்த புத்தகங்கள் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பிதழில் தாங்கள் வெளியிட்டிருந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பக்கத்தின் பாதியை நான்கு அட்டைப்படங்களே நிறைத்திருந்தன. ஒவ்வொன்றின் கீழும் நூலின் பெயர், எழுதியவர், பதிப்பகம், விலை, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. படம் வரைந்தவர் யார் என்பது மட்டும் நான்கில் ஒன்றுக்கும் இல்லை. “வண்ணப் படங்கள் நூலுக்கு அழகு சேர்க்கின்றன” என்ற ஒற்றை வாக்கியத்தோடு கட்டுரையாளர் ஓவியர்களின் கணக்கைத் தீர்த்துவிட்டார். 34 ஆண்டுகள் அச்சுத் தொழிலில், அவற்றில் முதல் 11 ஆண்டுகள் சென்னை மண்ணடியில் பிளாக் (படங்களை அச்சிட உதவும் தகடு) செய்யும் கடையொன்றில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பின் பழைய படப் புத்தகங்கள் எப்படி அச்சாயின என்று தேடிப் படிப்பதே பொழுதாகிவிட்டது. அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அழகு சேர்ப்பது மட்டுமே படத்தின் வேலை என்றால், படத்தை எடுத்துவிட்டாலும் கதை முழுதாக மிஞ்ச வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் பாடும் ‘ஹே டிடில் டிடில்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். பூனை பிடில் வாசிக்கிறது, பசு நிலவைத் தாண்டுகிறது, நாய்க்குட்டி அதைப் பார்த்துச் சிரிக்கிறது, தட்டு கரண்டியோடு ஓடிப்போகிறது. பாட்டு அவ்வளவுதான். இந்தச் சில வரிகளை வைத்து ராண்டால்ஃப் கால்டெகாட் என்ற ஆங்கில ஓவியர் 1882-இல் ஒரு படப் புத்தகம் செய்தார். பாட்டு முடிந்த பிறகு, ஒரு சொல்லும் இல்லாமல், அதில் இன்னொரு படம் வருகிறது. தட்டு உடைந்து துண்டுகளாகக் கிடக்கிறது. கரண்டியைக் கத்தி ஒருபுறமும் முள்கரண்டி மறுபுறமுமாகப் பிடித்து இழுத்துச் செல்கின்றன. ஓடிப்போன பெண்ணைப் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் காட்சி அது. பையனின் கதி தரையில் கிடக்கிறது. பாட்டில் எங்கும் இல்லாத இந்தத் துயரம் முழுக்க முழுக்க ஓவியர் எழுதியது. அவர் எழுதிய கருவி தூரிகை என்பதுதான் வேறுபாடு.

அதே புத்தகத்தின் இரண்டாவது பாட்டு ஒரு தாலாட்டு. குழந்தையைச் சுற்றிப் போர்த்த முயல்தோல் கொண்டுவர அப்பா வேட்டைக்குப் போயிருக்கிறார் என்பது அதன் பொருள். கடைசிப் படத்தில், காதுகளோடு கூடிய முயல்தோல் உடுப்பை அணிந்த குழந்தை அம்மாவுடன் நடந்து போகிறது. மேட்டில் சில முயல்கள் உட்கார்ந்திருக்கின்றன. குழந்தை அவற்றையே உற்றுப் பார்க்கிறது. தான் போர்த்தியிருப்பது என்னவென்று அதற்குப் புரிந்துவிட்டதா, இல்லையா? அந்த முகத்தில் சின்னப் புள்ளியாக வைக்கப்பட்ட கண்ணைப் பார்த்து ஒரு பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பாட்டில் விடை கிடைக்காது.

படத்தைப் பாடத்துக்கு இணையாக வைக்கும் எண்ணம் கால்டெகாட்டுக்கு இரண்டு நூற்றாண்டு முந்தியது. செக் நாட்டுக் கல்வியாளர் கொமீனியஸ் 1658-இல் நியூரம்பெர்க் நகரில் வெளியிட்ட ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ என்ற நூல்தான் பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்ட படப் பாடநூல்களில் புகழ்பெற்ற முதல் நூல். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், கீழே அதே எண்ணோடு அதன் பெயர் என்பது அதன் முறை. நம் பாடநூல்கள் இன்றும் அதையே செய்கின்றன. அதன் எழுத்து வரிசைப் பக்கத்தில் முதல் படம் ஒரு காகம். அது ‘ஆ, ஆ’ என்று கரைவதாகச் சொல்லி ‘A’ என்ற லத்தீன் முதலெழுத்தைக் கற்றுக் கொடுக்கிறார். (நம் ஊர்க் காகம் ‘கா’வில் தொடங்குவதால் நமக்கு இந்த வசதி கிடைக்கவில்லை.) கொமீனியஸின் பெயரைக் கல்வியியல் படித்த எவரும் சொல்வர். அந்தக் காகத்தை மரத்தில் செதுக்கியவராகக் கருதப்படும் பவுல் க்ராய்ட்ஸ்பெர்கரின் பெயரை அநேகமாக ஒருவரும் சொல்வதில்லை. நான் சொல்லவந்த குறை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பிள்ளைகளின் புத்தகத்தில் ஓவியருக்கு அடுத்தபடியாக உயிர் கொடுப்பது அச்சுக்கூடம். அங்கே தவறினால் எத்தனை பெரிய ஓவியரும் வீண்தான். 1865-இல் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ முதன்முதலாக 2,000 பிரதிகள் அச்சானபோது, அதற்கு 42 படங்கள் வரைந்த ஜான் டென்னியல், தம் படங்கள் அச்சில் கெட்டுவிட்டன என்று முறையிட்டார். நூலாசிரியர் லூயிஸ் கரோல் அந்தப் பதிப்பையே திரும்பப் பெற்று, வேறோர் அச்சகத்தில் புதிதாக அடிக்க வைத்தார். ஓவியரின் ஒரு சொல்லுக்காக 2,000 பிரதிகளை ஒதுக்கிய எழுத்தாளரை என் தொழில் வாழ்க்கையில் நான் சந்தித்ததில்லை. 1871-இல் வந்த இரண்டாம் நூலில், கண்ணாடிக்குள் ஆலிஸ் நுழையும் படத்தை ஒரு தாளின் முன்பக்கத்திலும், அவள் மறுபுறம் வெளிவரும் படத்தை அதே தாளின் பின்பக்கத்திலும் அச்சிட்டார்கள். தாளைப் புரட்டும் பிள்ளை, தன் கையாலேயே ஆலிஸைக் கண்ணாடிக்கு அப்பால் தள்ளிவிடுகிறது. பின்னாள் மறுபதிப்புகள் பலவற்றில் இரண்டு படங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் போட்டு அந்தத் தந்திரத்தையே பாழாக்கிவிட்டார்கள். பக்கம் கட்டியவருக்குப் படம் என்பது இடத்தை நிரப்பும் சரக்காகத் தெரிந்திருக்கிறது.

கால்டெகாட்டின் படங்களை அச்சிட்டவர் லண்டன் ஃப்ளீட் தெரு அருகே அச்சகம் நடத்திய எட்மண்ட் எவன்ஸ். வால்டர் கிரேன், கால்டெகாட், கேட் கிரீன்அவே ஆகிய மூவரையும் வளர்த்தவர் இவரே. பாக்ஸ்வுட் என்னும் கெட்டி மரத்தை நெடுக்கில் அறுக்காமல் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் உளியால் செதுக்கினால், தலைமுடியளவு மெல்லிய கோடும் ஆயிரக்கணக்கான பிரதிகளுக்குத் தாங்கும். தாமஸ் பெவிக் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பறவை, விலங்கு நூல்களுக்குப் பயன்படுத்திப் புகழ்பெறச் செய்த முறை அது. எவன்ஸ் அதில் வண்ணத்தைச் சேர்த்தார். கால்டெகாட்டின் கோடுகளுக்கு ஒரு கட்டை. அது அடர் பழுப்பு மையில் அச்சாகும். அதன் முதல் புரூஃபை, அதாவது சோதனை அச்சை, ஓவியரிடமே அனுப்பி வண்ணம் தீட்டி வாங்கிக்கொள்வார். பிறகு முகத்துக்கும் கைகளுக்கும் வேண்டிய தோல்நிறம், சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கட்டை செதுக்கப்படும். ஒரு தாள் ஆறு முறை இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். ஆறு முறையும் மயிரிழை பிசகாமல் பதிந்தால்தான் கன்னத்தின் சிவப்பு கன்னத்தில் நிற்கும். பிசகினால் காதுக்குப் போகும்.

இந்தச் செலவை எல்லாம் எவன்ஸ் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். புத்தகம் விற்றால் பிரதிக்கு இவ்வளவு என்று கால்டெகாட்டுக்குப் பங்கு. வால்டர் கிரேனுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. அவருடைய ஆறு பென்னிப் புத்தகங்கள் எத்தனை விற்றாலும் வரைந்த கூலியோடு சரி. கிரேன் என்றால் ஆங்கிலத்தில் கொக்கைப் போன்ற நெடுங்கால் பறவை ஒன்று. தம் படங்களின் ஓரத்தில் அந்தப் பறவையைக் குட்டியாக வரைந்து அதையே கையெழுத்தாக வைத்தார். பேர் போடாவிட்டாலும் பறவை பேசும் என்று நினைத்தாரோ என்னவோ. 1879-ஐ ஒட்டி கேட் கிரீன்அவேயின் முதல் நூலை எவன்ஸ் 20,000 பிரதிகள் அச்சிட்டபோது பதிப்பாளர்கள் சிரித்தார்களாம். மறுபதிப்பு தயாராகும் முன்பே அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. (கிரீன்அவே வரைந்த குழந்தைகளுக்கெல்லாம் ஒரே முகம்தான் என்பது என் கருத்து; ஆனால் அந்த உடுப்புகளைத் தம் பிள்ளைகளுக்குத் தைத்துப் போட்ட தாய்மார் என் கருத்தைக் கேட்கப் போவதில்லை.) அந்நூலின் முகப்புப் பக்கத்தில் ஓவியரின் பெயருக்குக் கீழே, ‘செதுக்கி அச்சிட்டவர் எட்மண்ட் எவன்ஸ்’ என்றும் போட்டிருக்கிறார்கள். அச்சுத் தொழிலாளியான எனக்கு அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமை வரும்.

நம் நாட்டிலும் இதே போல் ஓர் அச்சுக் கோபத்திலிருந்து ஒரு வரலாறு பிறந்திருக்கிறது. வங்காளத்தில் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி, பிள்ளைகளுக்காக எழுதிய ராமாயணத்துக்குத் தாமே வரைந்த படங்களை மரத்தில் செதுக்கியவர்கள் கெடுத்துவிட்டதைக் கண்டு, படத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் முறையைத் தாமே கற்கத் துணிந்தார். 1895-இல் கல்கத்தாவில் சொந்தமாக பிளாக் தொழில் தொடங்கினார். லண்டனிலிருந்து வந்த பென்ரோஸ் ஆண்டு மலர், அச்சுத் தொழிலுக்கு வேதம் போன்றது. அதிலேயே அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின. 1913-இல் அவர் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழ் அந்தக் கைத்திறனின் விளைவு. சத்யஜித் ராயின் தாத்தா இவர் என்றால் வாசகர்களுக்கு எளிதில் அடையாளம் தெரியும்.

ஹாஃப்டோன் என்பது நாங்கள் நாள்தோறும் செய்த வேலை. நெருக்கமாகக் கோடு கீறிய கண்ணாடித் திரைக்குப் பின்னால் படச்சுருளை வைத்துப் படம் பிடித்தால், சாயல் முழுவதும் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக உடையும். அதைச் சிங்க் தகட்டிலோ செம்புத் தகட்டிலோ ஏற்றி அமிலத்தில் தின்னக் கொடுப்போம். நாளிதழுக்கு அங்குலத்துக்கு 65 கோடு, ஆர்ட் பேப்பருக்கு 133 கோடு. ஓவியர் நீர்வண்ணத்தில் குழைத்துத் தந்த ஒரு மேகத்தை 65 கோட்டில் போடச் சொன்னால் அது மேகமாக வராது, கரியாக வரும். அதனாலேயே அனுபவமுள்ள சிறுவர் இதழ் ஓவியர்கள் எந்தத் தாளில், எந்த முறையில் அச்சாகும் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார்கள். ஓவியத்தோடு சேர்ந்து அந்தக் கணக்கும் அவர்களுடைய கலைதான்.

1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1952-இல் அதில் சேர்ந்த ஓவியர் சங்கர் ஏறத்தாழ 60 ஆண்டுகள் அங்கே வரைந்தார். உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனை நாம் அனைவரும் ஒரே உருவத்தில் நினைவில் வைத்திருப்பதற்கு அவரே காரணம். அந்தப் படத்தில் நான் வியப்பது பிணத்தின் கனம். மன்னனின் தோளில் அது மடிந்து தொங்கும் விதத்திலேயே, இவன் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும். சிங்காரமாக வரைந்திருந்தால் வேதாளம் சொல்லும் கதையை யாரும் பயத்தோடு கேட்டிருக்கமாட்டார்கள். அவ்விதழில் கதை எழுதியவர்களின் பெயர் பெரும்பாலும் இராது. படத்தின் மூலையிலோ கையெழுத்து இருக்கும். எழுத்துத் தெரியாத வயதிலேயே எந்தப் படம் சங்கர், எந்தப் படம் அங்கே வரைந்த இன்னோர் ஓவியரான சித்ரா என்று பிரித்துச் சொல்லும் பிள்ளைகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். 2020 செப்டம்பரில் மறைந்த சங்கருக்கு மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எழுத்தாளர்களுக்குச் செய்த அநீதியை நான் நியாயப்படுத்தவில்லை. இரண்டு பெயரையும் போட ஒரு பக்கத்தில் இடம் உண்டு என்றுதான் சொல்கிறேன்.

மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக மிக மலிவாக இங்கே வந்த சோவியத் சிறுவர் நூல்கள் சில என்னிடம் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஓவியரின் பெயர் தனி வரியில், எழுதியவரின் பெயருக்கு அருகிலேயே இருக்கிறது. அன்று அந்த ரஷ்யப் பெயர்களை வாய்க்கு வந்தபடி வாசித்துச் சிரித்தோம். ஆனாலும் படம் தானாக முளைப்பதில்லை, ஒருவர் உட்கார்ந்து வரைகிறார் என்பதை எனக்கு முதலில் சொன்னவை அந்தப் புத்தகங்கள்தாம்.

என் கண்முன் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் நான் வேலை பார்த்த ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் சிறுவர் நூல் ஒன்று ஓடியது. இரவு ஷிப்டில் சிவப்புத் தகடு நகர்ந்துவிட்டது. முதல் ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) முழுவதும் கிளிக்கு இரண்டு மூக்கு. தாள் விலையை நினைத்து, “பிள்ளைகள் புத்தகம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்” என்று அப்படியே பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். படம் வரைந்தவர் தென்மாவட்டத்துப் பள்ளி ஓவிய ஆசிரியர். தம் பிரதிகளை வாங்கப் பேருந்தில் வந்திருந்தார். கிளியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. முதல் பக்கத்தைப் புரட்டினார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார், கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னிடம், “தம்பி, பேர் எங்கியாச்சும் போட்டிருக்கா?” என்று கேட்டார். போட்டிருக்கவில்லை. முகப்புப் பக்கத்தில் இடம் நெருக்கடி என்று பதிப்பித்தவர்கள் அந்த வரியை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வரியை, தகடு செய்ய உதவும் ஃபிலிமான பாசிட்டிவிலிருந்து பிளேடால் சுரண்டி எடுத்தவன் நான்தான். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. சென்னையின் தாரா பதிப்பகம் 2006-இல் கையால் சில்க் ஸ்கிரீன் முறையில் கறுப்புத் தாளில் அச்சிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலில், மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவரின் பெயர்களே நூலாசிரியர் இடத்தில் நிற்கின்றன. 2008-இல் அந்நூல் இத்தாலியின் போலோன்யா சிறுவர் புத்தகக் கண்காட்சியில் பரிசு பெற்றது. அமெரிக்காவில் 1938 முதல் ஆண்டுதோறும் சிறந்த படப் புத்தகத்தின் ஓவியருக்குத் தரப்படும் பதக்கத்துக்குக் கால்டெகாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் இங்கிலாந்தில் சாரா மெக்கின்டயர் என்ற ஓவியர், அட்டையிலும் விமர்சனத்திலும் விற்பனைப் பட்டியல்களிலும் ஓவியர் பெயர் இடம்பெற வேண்டும் என்று ‘பிக்சர்ஸ் மீன் பிஸினஸ்’ என்ற பெயரில் ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் அடுத்த வேலை கிடைக்காது என்பதே அவர்களுடைய வாதம். அது நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே, தங்கள் நாளிதழில் சிறுவர் நூல் அறிமுகம் வரும்போது, எழுதியவர் பெயருக்கு அடுத்து ‘ஓவியம்’ என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசி எண்ணுக்கு இடம் இருக்கும் பத்தியில் இதற்கும் இடம் இருக்கும். நூலை மதிப்பிடுபவர்கள், படங்கள் கதையைத் திருப்பிச் சொல்கின்றனவா, கதை விட்ட இடத்தில் எதையாவது சொல்கின்றனவா என்று ஒரு வாக்கியமாவது எழுதினால் வாங்கும் பெற்றோருக்கு அது விலையைவிடப் பயன்படும். படம் கையால் வரையாமல் கணினியிடம் கேட்டுப் பெறப்பட்டது என்றால் அதையும் அந்த வரியிலேயே சொல்லிவிடலாம். மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் சொல்லத் தயங்கமாட்டார்கள்.

கடந்த ஞாயிறு வெளியான நான்கு அட்டைகளுக்கும் உரிய புத்தகங்களை எங்கள் பகுதி நூலகத்திலும் கடையிலுமாகத் தேடிப் பார்த்தேன். மூன்றில் ஓவியர்களின் பெயர்கள் உரிமைப் பக்கத்தின் அடியில், லென்ஸ் வைத்துப் பார்க்கும் அளவில் இருக்கின்றன. அவற்றைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன், வரும் ஞாயிறு திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன். யானையும் குடையும் அட்டையில் உள்ள நான்காவது புத்தகத்தில் எங்கும் பெயர் இல்லை. பதிப்பகத்துக்கு அஞ்சலட்டை எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் அந்தப் பெயரையும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி ஒருவர்,
சென்னை